போலி ரூபாயும் மூன்று தராசுகளும்

ஆச்சியின் மருந்துப் பெட்டியில் ஐந்து வெள்ளி ரூபாய்கள் கிடந்தன. அவற்றை அவள் சேமிப்பு என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவளுக்கு அவை எடைக்கற்கள். லேகியம் கிண்டும் நாளில் சுக்கு இத்தனை ரூபாய் எடை, திப்பிலி இத்தனை ரூபாய் எடை என்றுதான் கணக்குச் சொல்வாள். கைத்தராசின் ஒரு தட்டில் விக்டோரியா ராணி, மறு தட்டில் திப்பிலி. மூன்று ரூபாய் எடை ஒரு பலம், எட்டுப் பலம் ஒரு சேர். பள்ளியில் கிராமும் கிலோவும் படித்துவிட்டு வந்த எனக்கு அது பழங்கால வேடிக்கையாகத் தெரிந்தது.

வேடிக்கை இல்லை என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். 1833-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு தோலா என்ற எடையளவை 180 கிரெயின் என்று நிர்ணயித்தது; கிரெயின் என்பது ஆங்கிலேயரின் சிறு எடை அலகு. 1835-இல் கம்பெனி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாய் என்று வந்தபோது அதன் எடையும் அதே 180 கிரெயின்தான். இன்றைய கணக்கில் 11.66 கிராம். ஆக, ஒவ்வொரு ரூபாயும் நாணயமாகவும் இருந்தது, அரசாங்கமே அடித்துக் கொடுத்த படிக்கல்லாகவும் இருந்தது.

ஆச்சி காலமான பிறகு பெட்டி என்னிடம் வந்தது. ஐந்து ரூபாய்க்கு ஆறாவதாக ஒன்று சேர்க்கலாம் என்ற ஆசையும் கூடவே வந்தது. நடைபாதைக் கடை ஒன்றில் 1901 என்று பொறித்த ரூபாயை 1,200 கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து ஆச்சியின் ரூபாய்களுடன் வைத்துப் பார்த்தபோதுதான் வயிற்றில் புளி கரைத்தது. எழுத்துகளின் விளிம்பு கொஞ்சம் மழுங்கல், சுண்டினால் ஓசை கொஞ்சம் மந்தம். தேய்மானமாகவும் இருக்கலாம், போலியாகவும் இருக்கலாம். நிறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். அந்த நினைப்பால் ஒரு வருடத்தில் மூன்று தராசு வாங்கினேன்.

முதலாவது, சமையலறைத் தராசு. வெள்ளை பிளாஸ்டிக், வட்டத் தட்டு, 10 கிலோ வரை நிறுக்கும், விலை 350. மைசூர்பாகுக்குச் சர்க்கரை நிறுக்க அருமையான பொருள், இன்றும் அடுக்களையில் உழைக்கிறது. ஆனால் அது ஒவ்வொரு கிராமாகத்தான் எண்ணும். என் ரூபாயை வைத்தால் 11 என்றது, எடுத்து மறுபடி வைத்தால் 12 என்றது. ஆச்சியின் ரூபாயை வைத்தாலும் அதே ஊசலாட்டம். ஏலக்காய் இரண்டை வைத்தேன், தட்டில் ஒன்றுமே இல்லை என்பதுபோலப் பூஜ்யத்திலேயே இருந்தது. ஐந்து ரூபாயையும் சேர்த்து வைத்தபோது 58 என்று காட்டியதை ஐந்தால் வகுத்து 11.6 என்று மகிழ்ந்தேன். ஒரே மாதிரியான பல பொருள்களின் சராசரி போதும் என்பவர்களுக்கு இந்தத் தந்திரமே போதும், வேறு தராசு வேண்டியதில்லை. எனக்குச் சந்தேகம் ஒரே ஒரு நாணயத்தின் மேல்.

இரண்டாவது தராசை வாங்கும்போது எல்லோரும் செய்யும் தவற்றை நானும் செய்தேன். இணையக் கடையில் பட்டியலைப் பார்த்தால் 100 கிராம் வரை நிறுக்கும் பாக்கெட் தராசும் 500 கிராம் வரை நிறுக்கும் பாக்கெட் தராசும் ஏறக்குறைய ஒரே விலை. இரண்டுமே 0.01 கிராம் துல்லியம் என்று மார்தட்டின. அதே காசுக்கு ஐந்து மடங்கு எடை நிறுக்குமென்றால் யார் விடுவார்கள்? 500 கிராம் தராசுக்குப் பணம் கட்டினேன்.

வந்த அன்று என் 1901 ரூபாயை வைத்தேன். 11.42. இரண்டு தசமம் ஒளிர்வதைப் பார்த்து விஞ்ஞானி ஆகிவிட்டதாக ஒரு நிமிடம் பெருமிதம். எடுத்து மறுபடி வைத்தேன், 11.35. மூன்றாம் தரம் தட்டின் ஓரத்தில் வைத்தேன், 11.47. எதை எழுதிக்கொள்வது? தேய்ந்த நல்ல ரூபாய்க்கும் போலிக்கும் இடையே உள்ள வித்தியாசமே அவ்வளவுதானே. 1906-ஆம் ஆண்டு நாணயச் சட்டம் இரண்டு விழுக்காடு வரை தேய்ந்த ரூபாயைச் செல்லும் என்று ஏற்றது. அதாவது 11.43 வரை தேய்ந்ததும் செல்லுபடியாகும் ரூபாய். என் தராசு அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தது.

எங்கள் தெருவில் நகை செய்யும் பத்தர் ஒருவர் இருக்கிறார். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த, ஆண்டுதோறும் முத்திரை பெறும் தராசு அவருடையது. என் தராசையும் நாணயத்தையும் எடுத்துக்கொண்டு போனேன்.

"அண்ணாச்சி, இதில் எது சரியான எடை?"

அவர் நாணயத்தைத் தன் தராசில் வைக்கவில்லை. முதலில் மின்விசிறியை நிறுத்தினார். என் தராசைச் சமதளத்தில் வைத்து, இரண்டு நிமிடம் சும்மா விட்டார். பிறகு நாணயத்தை நடுவில் ஐந்து தரம், நான்கு ஓரங்களில் ஒவ்வொரு தரம் என்று வைத்து எடுத்து, ஒவ்வொன்றையும் பழைய ரசீதின் பின்புறம் எழுதினார். ஒன்பது எண்களில் இரண்டுகூட ஒத்துப்போகவில்லை.

"தம்பி, இது நிறுக்கவில்லை, குத்துமதிப்புச் சொல்கிறது. தசமத்தை எண்ணித் தராசு வாங்காதீர்கள். வாங்குவதற்கு முன் இதைப்போல் ஒன்பது தரம் வைத்துப் பாருங்கள்" என்றார். இணையத்தில் வாங்கும் பொருளை வாங்குவதற்கு முன் எப்படி வைத்துப் பார்ப்பது என்று நான் கேட்கவில்லை. திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் வைத்துப் பார்க்கலாம் என்பது அப்போது தோன்றவில்லை. கெடு முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

காரணத்தைத் தேடிப் படித்தபோது விஷயம் எளிதாகவே இருந்தது. இந்தச் சிறு தராசுகளின் வயிற்றில் இருப்பது லோட் செல் எனப்படும் அலுமினியப் பட்டை. நடுவில் குடைந்திருப்பார்கள். அதன்மேல் மெல்லிய உலோகக் கோடுகள் கொண்ட ஒட்டுகள் இருக்கும். பாரம் ஏறினால் பட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும், கோடுகள் இழுபடும், அவற்றின் மின்தடை துளி மாறும். அந்தத் துளி மாற்றத்தைத்தான் சில்லு எண்ணாக மாற்றுகிறது. 500 கிராமை 0.01 கிராமாகப் பிரித்தால் 50,000 படிகள். கடைகளில் காய்கறி நிறுக்கும் மூன்றாம் வகுப்புத் தராசுக்கு எடையளவு விதிகள் அனுமதிக்கும் உச்சமே 10,000 படிகள்தான். ஐநூறு ரூபாய்ப் பெட்டி அதைப்போல் ஐந்து மடங்கு நுட்பம் காட்டுவதாகச் சொன்னால், கடைசி ஒன்றிரண்டு இலக்கங்கள் அலங்காரம் என்றே கொள்ள வேண்டும். போதாததற்கு, லோட் செல்லின் பிழை அதன் முழுக் கொள்ளளவைப் பொறுத்தே வரும். 0.02 விழுக்காடு பிழை என்று வைத்துக்கொண்டால் 500 கிராம் தராசில் அது 0.1 கிராம், 100 கிராம் தராசில் 0.02 கிராம். சிறிய பொருளை நிறுக்கச் சிறிய தராசுதான் வேண்டும். 'கூடுதலாக இருக்கட்டும், எதற்கும் உதவும்' என்ற நம் வீட்டுப் பொருளாதாரம் இங்கே செல்லாது.

அந்தத் தராசின் ஆயுளும் நீளவில்லை. அலமாரியில் அதன் மேலேயே தடித்த அகராதி ஒன்றை வைத்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து எடுத்துப் பார்த்தால் பூஜ்யத்தில் நிற்கவில்லை, 3.20, 3.24 என்று தானாக நடந்துகொண்டிருந்தது. அளவுக்கு மேல் வளைந்த பட்டை பழைய நிலைக்குத் திரும்பாது. தட்டை விரலால் அழுத்திப் பார்ப்பதும் கீழே போடுவதும் இதே கதிக்குத்தான் ஆளாக்கும். மேலே கடினமான மூடி கவிழும்படி உள்ள தராசை வாங்க வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

மூன்றாவதை வாங்கும்போது பொறுமையாக இருந்தேன். 100 கிராம் கொள்ளளவு, 0.01 கிராம் படி, கடினமான மூடி. இன்னொன்றும் பார்த்தேன், அளவு திருத்தும் வசதியைப் பயனரின் கைக்கே விட்டிருக்கிறார்களா என்று. சில மலிவுத் தராசுகளில் அது இருக்காது, ஆலையில் வைத்ததுதான் முடிவு. 0.001 கிராம் தராசு ஒன்றும் 20 கிராம் கொள்ளளவோடு ஆசை காட்டியது. நண்பர் வீட்டில் அதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் மூச்சுவிட்டாலே எண் ஓடும். ரத்தினக்கல் நிறுப்பவருக்கு வேண்டுமானால் பயன்படலாம். ஒரு கேரட் 0.2 கிராம் என்பதால் 0.01 கிராம் படி அவர்களுக்கு முரடு. நாணயத்துக்கும் குங்குமப்பூவுக்கும் ரொட்டிக்கான ஈஸ்டுக்கும் அந்த மூன்றாவது தசமம் வீண் தலைவலி. தராசின் விலை 650.

அது வந்த அன்றே, கெடு ஓடத் தொடங்கும் முன், பத்தரின் ஒன்பது தர வேலையைச் செய்தேன். நடுவில் வைத்த ஐந்து எண்களும் 0.01-க்குள் நின்றன, ஓரங்களில் 0.02 வரை விலகின. நடுவில் வைத்தால் போதும் என்று முடிவு செய்தேன். பிறகு நாணயம் ஒன்றைத் தட்டிலேயே பத்து நிமிடம் விட்டுவிட்டு, எடுத்ததும் பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா என்று பார்த்தேன். திரும்பியது.

அடுத்தது, அது காட்டும் எண் உண்மையா என்ற கேள்வி. இதற்கு நம் சட்டைப் பையிலேயே படிக்கற்கள் இருக்கின்றன. 2011 வரிசையில் வந்த, ரூபாய்க் குறியீடு பொறித்த, 23 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஐந்து ரூபாய் நாணயத்தின் எடை 6.00 கிராம். அதே வரிசையின் இரண்டு ரூபாய் 4.85, ஒரு ரூபாய் 3.79. பன்னிரண்டு பக்கம் கொண்ட இருபது ரூபாய் 8.54. அழுக்கில்லாத, புதுக்கருக்கு அழியாத ஐந்து ரூபாய் நாணயங்கள் பத்தைத் தேடி எடுத்தேன். ஒன்று வைத்தால் 6, இரண்டுக்கு 12, பத்துக்கு 60 என்று சீராக ஏறுகிறதா என்று பார்த்தேன். அச்சாலையிலும் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும் என்பதால் ஒரு நாணயத்தை நம்பாமல் பத்தின் சராசரியைப் பார்க்க வேண்டும். எனக்கு 59.92 வந்தது.

ஒரு எச்சரிக்கை. நாணயத்தை வைத்துச் சோதிக்கலாமே தவிர, தராசைத் திருத்தக் கூடாது. அதற்கு எடைக்கல்தான் வேண்டும். தராசோடு இலவசமாக வந்த '50 கிராம்' பளபளப்புக் குண்டைப் பத்தரிடம் நிறுத்தேன். 49.93. அதை வைத்து நான் திருத்தியிருந்தால், ஒழுங்காக இருந்த தராசுக்கு நானே பொய் சொல்லக் கற்றுக்கொடுத்திருப்பேன். எம்1 என்னும் துல்லிய வகுப்பைச் சேர்ந்த எடைக்கல் ஒன்றைத் தனியாக வாங்கினேன். 50 கிராம் எம்1 கல்லில் அனுமதிக்கப்படும் பிழை 3 மில்லிகிராம்தான், அதாவது என் தராசின் கடைசி இலக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் உயர்ந்த வகுப்புக்குச் செலவழிப்பது என் போன்றவர்களுக்கு வீண். கல்லை வெறும் விரலால் தொடாமல் துணியால் பிடித்து வைக்கிறேன்.

திருத்துவது எதற்கு, ஆலையிலேயே செய்திருப்பார்களே என்று கேட்கலாம். இந்தத் தராசு அளப்பது பூமி அந்தப் பொருளை இழுக்கும் விசையை. அந்த இழுப்பு எல்லா ஊரிலும் ஒன்றல்ல. ஈர்ப்பு முடுக்கம் நிலநடுக்கோட்டில் 9.780 மீ/வி² என்றால் துருவத்தில் 9.832. சென்னையில் ஏறத்தாழ 9.783. வடக்கே 30 பாகையில் உள்ள ஓர் ஆலையில் திருத்திய தராசு நம்மூருக்கு வந்தால் 100 கிராமை 99.9 என்றுதான் சொல்லும். 60-க்கு 59.92 வந்ததில் இதுவும் ஒரு பங்கு இருந்திருக்கலாம். ஆச்சியின் கைத்தராசுக்கு இந்தச் சிக்கலே கிடையாது. இரண்டு தட்டையும் ஒரே பூமிதானே இழுக்கிறது. எம்1 கல்லை வைத்துத் திருத்திய பிறகு அதே பத்து நாணயம் 59.99 காட்டியது.

இப்போது 1901 ரூபாய். 11.42, 11.42, 11.41, 11.42. கடைசியில் ஓர் எண் கிடைத்தது. ஆனால் இந்த எண்ணால் மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. எல்லைக்கோட்டை ஒட்டி நிற்கிறது. நன்றாகத் தேய்ந்த அசலும் இவ்வளவு இருக்கலாம். கேட்க வேண்டியது அதன் அடர்த்தியை.

இந்தச் சோதனையை வெள்ளிச் சாமான் வைத்திருக்கும் எல்லோரும் ஒரு தரம் செய்து பார்க்கலாம். சிறு பிளாஸ்டிக் கப்பில் தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்துப் பூஜ்யமாக்க வேண்டும். நாணயத்தை மெல்லிய நைலான் நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கும்படி, அடியையும் ஓரத்தையும் தொடாமல் தொங்கவிட வேண்டும். தராசு காட்டும் எண், நாணயம் விலக்கிய தண்ணீரின் எடை. நாணயத்தின் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. 11.66 கிராம் உள்ள நல்ல ரூபாயில் 91.7 விழுக்காடு வெள்ளி, மீதி செம்பு. அதன் அடர்த்தி 10.3-ஐ ஒட்டி இருக்கும், எனவே தராசு 1.13 காட்ட வேண்டும். செம்பும் நிக்கலும் கலந்த போலி என்றால் 1.31. ஒரே தசமம் காட்டும் தராசில் அசல் 1.1 என்று வரும், 10.6 ஆகும். கை துளி நடுங்கி 1.2 ஆனால் அடர்த்தி 9.7 ஆகிவிடும். 0.01 கிராம் படி எதற்கு என்பது எனக்கு உண்மையில் புரிந்த இடம் இதுதான்.

முதல் தடவை சொதப்பினேன். எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்ததும் தராசு பிழை காட்டி நின்றது. பூஜ்யப் பொத்தானை அழுத்தினால் பாத்திரத்தின் எடை மறைந்துவிடும் என்று நினைத்திருந்தேன். மறைவது திரையில் மட்டும், பட்டைக்குத் தெரியும். 100 கிராம் கொள்ளளவில் பாத்திரமும் தண்ணீரும் சேர்த்தி. ஐஸ்கிரீம் வந்த கப்பில் 50 மில்லி தண்ணீரோடு சரியாயிற்று. இரண்டாம் தடவை நூலைக் கையில் பிடித்தேன், எண் ஆடியது. மூன்றாம் தடவை இரு பக்கமும் புத்தகங்களை அடுக்கி நடுவில் ஒரு குச்சியை வைத்து அதில் கட்டினேன். பருத்தி நூல் தண்ணீரைக் குடிக்கும், வேண்டாம். நாணயத்தில் ஒட்டும் காற்றுக் குமிழ்களைப் போக்கத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டேன்.

ஆச்சியின் ரூபாய்கள் நான்கு 1.12-க்கும் 1.13-க்கும் இடையில் நின்றன. ஐந்தாவது 1.22. ஒரு கணம் ஆச்சியை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று பதறினேன். ஆண்டைப் பார்த்தேன், 1944. போர்க்காலத்தில், 1940 முதல், ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். அடர்த்தி 9.5. ஆச்சி ஏமாறவில்லை, அரசாங்கம்தான் வெள்ளியைக் குறைத்தது. எடையை மட்டும் குறைக்காமல் 11.66-லேயே வைத்திருந்ததால் அவள் திப்பிலிக் கணக்கு பிசகவில்லை.

1901 ரூபாய் 1.31 காட்டியது. 11.42-ஐ அதனால் வகுத்தால் 8.72. வெள்ளியே இல்லை.

நடைபாதைக் கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். "சார், பழைய ரூபாய் என்றுதானே சொன்னேன், வெள்ளி என்று சொன்னேனா?" என்றார். யோசித்துப் பார்த்தால் சொல்லவில்லைதான்.

அதன்பின் இந்தத் தராசு வீட்டில் பலவற்றையும் நிறுக்கிறது. பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினால் சில சமயம் எண் நகராது. பூஜ்யத்தருகே வரும் சிறு மாற்றத்தைத் தராசு தானாகவே தள்ளிவிடும். ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை முதலில் தட்டில் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் பொடியைச் சேர்த்து, பிறகு 6 கிராமைக் கழித்துக்கொள்கிறேன். அப்போதும் நகரவில்லையென்றால் மொத்தமாகத் தூக்கி மறுபடி வைக்கிறேன். திரையில் அலகு மாற்றும் பொத்தானில் 'டி.எல்.' என்று வருவதைத் தோலா என்று நம்பிவிட வேண்டாம். அது சீனத்து 'டேல்', ஏறக்குறைய 37.5 கிராம். மூன்று தோலாவுக்கும் மேல். என் மைத்துனர் தங்கச் சங்கிலியை அதில் நிறுத்துவிட்டு, கடைக்காரர் மூன்றில் இரண்டு பங்கைத் திருடிவிட்டார் என்று குதித்தார். 'ஜி.என்.' என்பது கிரெயின். ஆச்சியின் நல்ல ரூபாயை அதில் வைத்தால் 179 சொச்சம் வரும், எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கும்.

வீட்டில் மசாலா செய்து விற்கும் உறவினர் ஒருவர் இதே தராசு தனக்கும் வேண்டும் என்றார். வேண்டாம் என்றேன். எடை போட்டு விற்பதென்றால் 2009-ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி முத்திரையிட்ட தராசு வேண்டும். நம் மாநிலத்தில் தொழிலாளர் துறையினர்தான் முத்திரை வைக்கிறார்கள். இந்தப் பாக்கெட் தராசுகள் அந்தப் பேச்சுக்கே வராது. அவர் முத்திரைத் தராசே வாங்கிக்கொண்டார்.

போலி ரூபாயைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. பத்தர் தன் கண்ணாடிப் பெட்டித் தராசில் அதை நிறுத்து 11.418 என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைத் தராசின் மூடிக்குள் ஒட்டியிருக்கிறேன். எதை நிறுப்பதற்கு முன்னும் அந்த நாணயத்தை முதலில் தட்டில் வைக்கிறேன். 11.42 வந்தால் வேலையைத் தொடங்குகிறேன், வராவிட்டால் பேட்டரியை மாற்றுகிறேன்.